மின் ஸ்கூட்டரில் எவ்வளவு வேகம் போகலாம்? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின் ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்த முதல் நாளே எங்கள் வாசல் கேட்டை இடித்தேன். கடையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் பத்திரமாக ஓட்டிக்கொண்டு வந்தாயிற்று. கேட்டைத் திறக்க இறங்கினேன். வண்டி சத்தமே போடாமல் நின்றுகொண்டிருந்ததால் அணைந்துவிட்டது என்று நினைத்தேன். கைப்பிடியைப் பற்றி உள்ளே தள்ளியபோது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து திரும்பிவிட்டது. வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து, கேட்டின் இடதுபக்கக் கம்பியை வளைத்துவிட்டு நின்றது. பெட்ரோல் வண்டியை முப்பது ஆண்டுகள் ஓட்டிய கை இது. அந்தப் பழக்கம்தான் காலை வாரியது.

மின் வண்டி வாங்குகிறவர்களிடம் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்: ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும், எவ்வளவு வேகம் போகும். பாதுகாப்பான வேகத்தைத் தெரிந்துகொள்ள இரண்டுமே உதவாது. பிரேக் பிடித்தால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதே நமக்கு வேண்டியது. விற்பனையாளரிடம் இதற்குப் பதில் இருக்காது. சாலை, டயர், உங்கள் கை மூன்றையும் பொறுத்து அது மாறும். நாமே அளந்துதான் பார்க்க வேண்டும். அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

இந்தியாவில் மின் இருசக்கர வண்டிகள் சட்டத்தின் பார்வையில் இரண்டு வகை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்து, சோதனை நிறுவனத்தின் சான்றும் பெற்றிருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கிலேயே வராது. ஓட்டுநர் உரிமமும் பதிவு எண்ணும் அதற்குத் தேவையில்லை. இதைத் தாண்டிய எல்லா வண்டிகளுக்கும் உரிமம், பதிவு, காப்பீடு, தலைக்கவசம் நான்கும் கட்டாயம். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்தோடு தெருவில் பார்க்கிறோமே, அவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

முதல் வகை வண்டி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் எதிர்வீட்டு அண்ணன் தன் மகளுக்கு 25 கிலோமீட்டர் வண்டி ஒன்று வாங்கினார். கூடப் போன என்னையும் வைத்துக்கொண்டே கடைக்காரர், "சார், ஒரு இணைப்பைக் கழற்றிவிட்டால் போதும், 45 போகும். இலவசமாகவே செய்து தருகிறேன்" என்றார். ஏதோ சலுகை தருவதுபோல முகத்தில் ஒரு பெருமை வேறு. அந்த இணைப்பைக் கழற்றிய நொடியில் அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் நம் தலையில் விழும். அதைவிடப் பெரிய சிக்கல் பிரேக்கில் இருக்கிறது. 25இலிருந்து 45க்குப் போகும்போது வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது மூன்று மடங்குக்கு மேலாகிவிடும். அந்தச் சின்ன டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நல்லவேளை.

அடுத்து, நிற்கும் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

குறுக்கே ஒரு பையன் ஓடி வருகிறான். கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு விநாடி ஓடிவிடும். அந்த ஒரு விநாடியும் வண்டி அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். அதன் பிறகே பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், பதறாத கை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் 25இல் சுமார் 12 மீட்டர், 40இல் 23 மீட்டர், 50இல் 33 மீட்டர், 60இல் 44 மீட்டர் வருகிறது.

மீட்டரில் சொன்னால் மனதில் நிற்காது. மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம் ஏறக்குறைய 11, 12 மீட்டர். ஆக, 25இல் போனால் நிற்பதற்கு ஒரு பேருந்து நீளம் வேண்டும். 40இல் இரண்டு, 50இல் மூன்று, 60இல் நான்கு. சாலையில் போகும்போது முன்னால் எத்தனை பேருந்து நீளத்துக்கு இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வேகத்துக்கு மேல்வரம்பு அதுதான். மாலை ஆறு மணிக்குச் சென்னை ரங்கநாதன் தெருப் பக்கம் போனால் முன்னால் ஒரு பேருந்து நீளம்கூடக் கிடைக்காது, வண்டி 90 போகக்கூடியதாக இருந்தாலும் சரி.

இது பழகிய கையின் கணக்கு. புதியவர்கள் பிரேக்கைப் பயந்து பயந்து பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் 40இலேயே 32 மீட்டர் வரை போய்விடும். அதாவது புதியவரின் 40, பழகியவரின் 50க்குச் சமம். முதல் மாதம் வேகத்தைக் குறைத்து வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40 என்றால் ஆறு மீட்டருக்கு மேல், அதாவது இரண்டாவது மாடி. 60 என்றால் 14 மீட்டர். 25க்குள் ஓடும் வண்டிக்குத் தலைக்கவசம் தேவையில்லை என்று சட்டத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள், வீட்டு மதிற்சுவரின் மேல் ஏறித் தலைகீழாகக் குதிப்பார்களா என்று யோசித்துப் பார்க்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை வாரையும் கொக்கியையும் சரியாக மாட்டி அணியுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வேண்டும்.

மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். விடியற்காலையில் காலியாகக் கிடக்கும் தார் போட்ட இடம் ஒன்றுக்குப் போங்கள். புதிதாக மனை பிரித்துப் போட்ட லேஅவுட் சாலைகள் இதற்கு மிகப் பொருத்தம். சுண்ணாம்புக் கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். நின்ற இடத்திலிருந்து கோடு வரை எட்டு வைத்து நடந்து அளந்துகொள்ளுங்கள். சாதாரணமாக நடக்கும் ஓர் எட்டு ஏறக்குறைய முக்கால் மீட்டர். எங்கே பிடிப்பது என்று முன்பே தெரிந்திருப்பதால் இதில் அந்த ஒரு விநாடி சேராது, பிரேக்கின் தூரம் மட்டுமே வரும்.

20இல் மூன்று, நான்கு மீட்டருக்குள் நிற்க வேண்டும். 30இல் ஏழு மீட்டர். 40இல் பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொரு வேகத்திலும் பத்து முறையாவது செய்யுங்கள். 20இல் திருப்தி வராமல் 30க்குப் போகாதீர்கள். நான் முதல் நாள் 30இல் பன்னிரண்டு மீட்டர் போனேன். இரண்டாவது ஞாயிறு எட்டு மீட்டருக்கு வந்தது. வண்டி அதேதான், கைதான் பழகியிருந்தது.

பிடிக்கும் விதம் முக்கியம். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே. பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்னால் சாய்வதால் முன்சக்கரம் தரையை இறுகப் பற்றும், பின்சக்கரம் இலேசாகிவிடும். 'முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்' என்று சைக்கிள் கற்றுக்கொடுத்தவர்கள் நம் தலையில் ஏற்றியதை இறக்கி வையுங்கள். வெடுக்கென்று பிடித்தால்தான் விழுவோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல, மென்மையாகத் தொடங்கிச் சீராக இறுக்க வேண்டும். இப்போது வரும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இடதுகைப் பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். இருக்கிறது. இருந்தாலும் வலதுகையையும் பழக்குங்கள். மணலிலும் சரளையிலும் மட்டும் முன்பிரேக்கை விரல் நுனியால் தொட்டால் போதும். திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின் வண்டிக்கே உரிய மூன்று குணங்கள்

பெட்ரோல் ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் உறுமி, பெல்ட் பிடித்து, அதன் பிறகே வண்டி நகரும். மின் மோட்டாருக்கு இந்த முன்னுரையெல்லாம் கிடையாது. நின்ற இடத்திலேயே முழு இழுவிசையும் வந்துவிடும். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் வண்டி நின்ற நிலையிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தை 3.3 விநாடியில் எட்டுவதாக நிறுவனம் சொல்கிறது. சிக்னலில் முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் உங்களுக்கும் இடையே நான்கு மீட்டர் இருந்தால், மணிக்கட்டு கொஞ்சம் அதிகமாகத் திரும்பினாலே போதும், ஆட்டோவின் பின்பக்கம்தான். அதனால் முதல் மாதம் முழுவதும் எகோ மோடிலேயே ஓட்டுங்கள். அதில் இழுவையும் உச்ச வேகமும் மட்டுப்படும். மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்துப் பிடிப்பதும் நல்ல பழக்கம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது உங்களை அறியாமல் ஆக்சிலரேட்டர் திரும்பாது.

இரண்டாவது, ஓசையின்மை. பெட்ரோல் வண்டியில் நாம் வேகத்தைக் காதால்தான் எடை போடுகிறோம் என்பது மின் வண்டி ஓட்டும்போதுதான் தெரிகிறது. 35இல் போவதாக நினைத்து மீட்டரைப் பார்த்தால் 52 காட்டும். முதல் சில வாரங்கள் அடிக்கடி மீட்டரைப் பாருங்கள். எதிரே வருகிறவர்களுக்கும் உங்கள் வண்டி வருவது காதில் விழாது. எங்கள் தெருவில் கோலம் போடும் பாட்டி திரும்பிப் பார்க்காமலேயே, சத்தத்தை வைத்து நகர்ந்து வழிவிடுவார். என் மின் வண்டிக்கு அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. குடியிருப்புத் தெருவில் 20, 25க்கு மேல் போகாதீர்கள். ஆட்களைக் கடக்கும்போது சின்னதாக ஓர் ஒலி கொடுங்கள். அலற வைக்க வேண்டாம்.

மூன்றாவதைப் பலரும் சொல்வதில்லை. ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே பிரேக்போல வேலை செய்து, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி பல வண்டிகளில் இருக்கிறது. பழகிவிட்டால் பாதி நேரம் பிரேக்கைத் தொடவே தோன்றாது. ஆனால் இரவு முழுவதும் சார்ஜ் ஏறி நூறு சதவீதம் நிரம்பிய பேட்டரியில் திருப்பி அனுப்ப இடமில்லை. அதனால் காலையில் கிளம்பும் முதல் சில கிலோமீட்டருக்கு இந்த இழுத்துப் பிடிக்கும் குணம் குறைந்திருக்கலாம், இல்லாமலேகூடப் போகலாம். நேற்று மாலை நின்ற இடத்தில் இன்று காலை வண்டி நிற்காது. தெருமுனைக்குப் போவதற்குள் ஒருமுறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். இதேபோல் சார்ஜ் மிகவும் குறைந்தால் பல வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேம்பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும்போது அது நடந்தால் நன்றாக இருக்காது.

எந்தச் சாலையில் எவ்வளவு?

சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த வரம்புப்படி நகருக்குள் இருசக்கர வாகனங்களுக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. இவை மேல்வரம்புகள். பாதுகாப்புக்கு அதிலும் கீழே இடம் உண்டு.

என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எங்கே போனாலும் 25. இரண்டாம் வாரம் முதல் மாத இறுதிவரை, தெருவில் 20, கடைவீதியில் 25, அகலமான சாலையில் 35 முதல் 40. அதன் பிறகு, மைதானத்தில் அளந்த தூரம் திருப்தியாக இருந்தால், நடுத்தடுப்பு உள்ள, வெளிச்சமுள்ள சாலையில் 45, 50. நகருக்குள் 50க்கு மேல் போவதற்கு எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எட்டு கிலோமீட்டர் தூரத்தை 40இல் போனால் 12 நிமிடம். 50இல் போனால் ஒன்பதரை. மிச்சமாகும் இரண்டரை நிமிடத்தை ஒரே ஒரு சிக்னல் விழுங்கிவிடும். பேட்டரிக்கும் இதுவே நல்லது. 40இல் இருக்கும் காற்றின் எதிர்ப்பு 60இல் இரண்டேகால் மடங்காகிறது. கையேட்டில் எழுதியிருக்கும் தூரம் ஏன் கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேகத்தில் ஓட்டுகிறவர்களே.

மிக மெதுவாகப் போவதிலும் ஆபத்து உண்டு. 25க்கு மேல் போகாத வண்டியை ஜி.எஸ்.டி. சாலை போன்ற நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில் ஓட்டினால் பின்னால் 60, 70இல் வருகிறவருக்கு நீங்கள் நிற்கும் பொருளாகத்தான் தெரிவீர்கள். அப்படிப்பட்ட சாலைகளில் சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் உள்தெரு வழியைத் தேடுங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. இடது ஓரமாகப் போவது சரிதான், ஆனால் சாலையின் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திறக்கும் தூரத்தையாவது விட்டுத் தள்ளிப் போங்கள். ஷேர் ஆட்டோவின் பின்னால் போகும்போது, அது அடுத்த நொடி நிற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்.

மழை, இரவு, பின்னால் ஒருவர்

ஈரச்சாலையில் டயரின் பிடி வெகுவாகக் குறையும். காய்ந்த சாலையில் 50இல் எங்கே நிற்பீர்களோ, அங்கே நிற்க மழையில் 40இல்தான் போக வேண்டும். புதியவர் என்றால் 30. மழை தொடங்கிய முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள் மிக மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்குவது கோழைத்தனம் அல்ல. சாலையில் தீட்டிய வெள்ளைக்கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பாலங்களின் இரும்பு இணைப்பு ஆகியவற்றின்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்கவும் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் நடக்கும் வேகம் போதும். திரும்பிப் போவது இன்னும் நல்லது.

இரவில் உங்கள் விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும். கறுப்புச் சட்டை போட்டவரோ, படுத்திருக்கும் எருமையோ மூன்று பேருந்து நீளத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் 50 உங்கள் வேகம் அல்ல. எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வந்தால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பார்வையைச் சாலையின் இடது விளிம்புக்குத் திருப்புங்கள். வண்ணம் அழிந்துபோன வேகத்தடைகளை இரவில் முன்கூட்டிப் பார்க்கவே முடியாது. வழக்கமாகப் போகும் வழியில் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று பகலிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஒருவரை ஏற்றிப் பழகுவதற்கு முதல் மாதம் வேண்டாம். பிறகு ஏற்றும்போது, மைதானத்துக்கு அவரையும் அழைத்துப் போய் பிரேக் பயிற்சியை இன்னொரு முறை செய்யுங்கள். சேலை, துப்பட்டா நுனிகள் சக்கரத்தில் சிக்காமல் செருகியிருக்கின்றனவா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் சட்டமே வேகத்தைச் சொல்லிவிடுகிறது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய விதியின்படி குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். 40க்கு மேல் போகக்கூடாது. கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ இருந்தால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். அப்போது 25.

டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லாத் தூரங்களும் சரியான காற்று இருந்தால் வருகிற கணக்கு.

கடைசியாக, இறங்கும்போது

வண்டி நின்றதும் முதலில் அணையுங்கள். மீட்டர் திரை இருண்டதைக் கண்ணால் பாருங்கள், காதை நம்பாதீர்கள். பிறகு ஸ்டாண்டு போட்டு இறங்குங்கள். ஸ்டாண்டு போட்டால் மோட்டார் துண்டிக்கப்படும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு, ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளும்போது வலதுகை ஆக்சிலரேட்டரில் இருக்கக்கூடாது. இருக்கையின் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் கேட்டின் கம்பியை வெல்டிங் பட்டறைக்காரர் வந்து நிமிர்த்திக் கொடுத்தார். கூலியாக நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, "மின் வண்டியா?" என்று மட்டும் கேட்டார்.